சீட்டில் இல்லாத கட்டி

சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கம் போதாதே என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "அய்யோ, எத்ற பேஜ் வேணமெங்கிலும் எழுதிக்கோ மேடம்" என்று போனிலேயே குதித்தாள் அஞ்சனா. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் இப்போது இருக்கும் இளம் டாக்டர் அவள். சார் எங்கள் பிரிவின் தலைவராக இருந்தவர். அவருக்கு விழா எடுக்கிறார்களாம், விழா மலர் அச்சடிக்கிறார்களாம், கருத்தரங்க அறைக்கு அவர் பெயரை வைக்கிறார்களாம். அன்றைக்கே புது மெஷின் ஒன்றையும் திறந்து வைக்கிறார்களாம். தைராய்டு கட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும், அது சாதாரணக் கட்டியா, கேன்சரா என்று மெஷினே மார்க் போட்டுவிடுமாம். கழக்கூட்டத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் பிள்ளைகள் எழுதிய சாஃப்ட்வேர் என்று பெருமையாகச் சொன்னாள்.

"வட்டம் போடாத கட்டிக்கு என்ன மார்க் போடும்?" என்று கேட்டேன்.

"அதெங்ஙனெ மேடம்? வட்டம் நம்மள் தன்னே வரய்க்கணம்" என்று சிரித்தாள். வட்டத்தை நாம்தான் போட வேண்டுமாம்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷம் மலையாளத்தில் பேசி இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதியவள் நான். கோபம் வந்தால் மட்டும் நேரே தமிழுக்கு வந்துவிடுவேன். மலரில் இதைப் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் மார்த்தாண்டத்துக்காரி. படித்ததும் பட்டம் வாங்கியதும் கல்யாணமாகிக் கரமனைக்கு வந்ததும் எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது சாரிடம். இதை மறைக்க மாட்டேன். அவரைப் போல ஸ்கேன் பார்த்தவரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். தெரியாமல் செய்கிறவன் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முழுக்கைச் சட்டையை ஒரே ஒரு மடிப்பு மடித்திருப்பார். நோயாளியின் கழுத்தில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கக் கூடாது என்று அந்தப் பாட்டிலை வெந்நீரில் போட்டு வைக்கச் சொல்வார். தோளுக்கு அடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, "ஒண்ணும் பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம், என்று சொல்லிவிட்டுத்தான் கையை வைப்பார். எங்களுக்கு முதல் பாடம், அமுக்காதே என்பது. ஸ்கேன் கருவியை அழுத்தினால் நிற்கிற கட்டி படுத்துவிடும், உன் கை செய்த பொய்யை நீயே அளந்து எழுதுவாய் என்பார். கட்டியை அளந்து முடித்த பிறகும் விட மாட்டார். கழுத்தின் இரண்டு பக்கமும் காதுக்குக் கீழிருந்து தோள்வரை நெறிக்கட்டிகளைத் தேட வேண்டும், எச்சில் விழுங்கச் சொல்லி தைராய்டு மடலின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் பார்த்துவிட்டு எழுந்தால், நாற்காலியை மறுபடி உங்கள் பக்கம் தள்ளி வைப்பார்.

கட்டி என்றதும் எல்லோரும் கேட்பது, பெரிசா சின்னதா என்று. அளவு ஒரு மண்ணும் சொல்லாது என்று கற்றுக்கொடுத்தவரும் அவரே. உள்ளே நீர் நிறைந்திருந்தாலோ, பஞ்சு மாதிரி பொத்தல்பொத்தலாக இருந்தாலோ, அது எலுமிச்சம்பழ அளவு வளர்ந்திருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. முழுக்கச் சதையாக, சுற்றியிருப்பதைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். குறுக்குவெட்டில் பார்க்கும்போது அகலத்தைவிட உயரம் கூடுதலாக, படுக்காமல் நின்றால் இன்னும் கவனம் வேண்டும். கரை பிய்ந்து, உள்ளே பொடி உப்பு தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகளும் இருந்துவிட்டால் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பார்க்காமல் விடவே கூடாது. இத்தனையும் சேர்த்து மார்க் போடும் அட்டவணையை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு பழக்கம். நாங்கள் எழுதும் ரிப்போர்ட் ஒவ்வொன்றும் அவர் மேஜைக்குப் போக வேண்டும். படிப்பார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுப்பார். வேண்டாத வரிக்கு மேல் ஸ்கேலை வைத்து, கோணாமல் ஒரு கோடு போட்டு அடிப்பார். வேண்டாத வரி எது? அனுப்பிய டாக்டர் சீட்டில் கேட்காதது எதுவோ, அது. "சோதிச்சதினு உத்தரம் பறஞ்ஞால் மதி, டாக்டரே" என்பார். கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும். கேட்காததை எழுதினால் அனுப்பிய டாக்டருக்கு நாம் பாடம் எடுப்பதாகிவிடும். அவர் மனம் கோணும், அடுத்த சீட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும். இதை அவர் மரியாதை என்று சொல்வார். நாங்களும் தலையாட்டினோம். எத்தனை வருஷம் ஆட்டினோம் என்று நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம்போல் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால் இசக்கியம்மாள் வந்தார். சங்கரன்கோவில் பக்கம் ஊர். கணவர் கட்டட வேலைக்கு வந்து, பின்னாலேயே இவரும் வந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார். அவரைப் பார்ப்பதற்கு முன்பே குரலைக் கேட்டுவிட்டேன். ஸ்கேன் அறையின் கதவு அடைத்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதையும் மீறி வரிசையில் நின்ற யாரிடமோ அவர் நியாயம் கேட்பது உள்ளே கேட்டது.

"எம்மா, என்ன சத்தம் உங்களுக்கு!" என்றேன், படுக்கச் சொல்லும்போது.

"சத்தம் போட்டாத்தான தாயி யாவாரம்? பஸ்சுல இறங்குத ஆளு அடுத்த கடைக்குப் போவாம எங்கிட்ட வரணும்லா" என்று சிரித்தார். தமிழில் பேசுகிற டாக்டர் கிடைத்த சந்தோஷத்தில், படுத்துக்கொண்டே தன் கதை முழுவதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். விழுங்குங்கள் என்று சொல்லித்தான் பேச்சை நிறுத்தினேன்.

வலது பக்கம் வெளியே தெரியும்படி பெரிய கட்டி. சர்ஜன் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரே வரி: வலது பக்கப் பெரிய கட்டியில் ஊசி வைத்துப் பார்க்கவும். பார்த்தேன். நாலு சென்டிமீட்டர், முழுக்கப் பஞ்சு. ஊசியே தேவையில்லாத கட்டி. பிறகு இடது பக்கம் போனேன். மடலின் பின்புறம், கீழே, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒட்டி, ஒன்று நின்றுகொண்டிருந்தது. கறுப்பு. கரை பிய்ந்திருந்தது. உள்ளே அந்த வெள்ளைப் புள்ளிகள். நான் அழுத்துகிறேனோ என்று கையை இன்னும் லேசாக்கினேன். அப்போதும் நின்றது. எட்டு மில்லிமீட்டர் அகலம், பதினொன்று உயரம். அந்தப் பள்ளத்தில்தான் குரல் நரம்பு ஓடுகிறது. குறி வைத்து அளந்து, படத்தைச் சேமித்துவிட்டு, சாரைக் கூப்பிடப் போனேன்.

வந்தார். பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. திரையைப் பார்த்தபோது அவர் கண் அந்த இடத்தில் நின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதை இன்றைக்கும் எந்தக் கோயிலிலும் சர்ச்சிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

"சீட்டில் எந்தா?" என்று கேட்டார்.

"வலது பக்கம், சார். ஆனா அதுக்கு ஊசி வேண்டாம். இதுக்குத்தான் வேணும். ரெண்டு நிமிஷம் போதும், ரெண்டுலயும் எடுத்துடறேன்."

"சர்ஜன் இடது பக்கம் சோதிச்சோ?" கேட்டிருக்கிறாரா என்றார்.

"இல்ல, சார்."

"பின்னெந்தா?"

இவ்வளவுதான். பின்னெந்தா? பிறகென்ன? சர்ஜனுக்குப் போன் செய்தேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். போனை எடுத்த சிஸ்டர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சீட்டில் எழுதியது போதுமாம் என்றாள். திரும்பி வந்தபோது சார் கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் கையுறையை மாட்டி, வலது பக்கப் பஞ்சில் ஊசியை இறக்கினேன். முனை உள்ளே போவது திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நாலு முறை முன்னும் பின்னும் அசைத்து, ஊசியில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் கொடுத்தேன். என் ஊசிக்கும் இடது பக்கக் கட்டிக்கும் நடுவில் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை.

ரிப்போர்ட்டில் இடது பக்கக் கட்டியை எழுதினேன். அளவு, நிறம், நிற்கிற விதம், புள்ளிகள், ஊசி பரிந்துரை, எல்லாம் சேர்த்து இரண்டு வரி. காகிதம் மேஜைக்குப் போனது. ஸ்கேல் வெளியே வந்தது. இரண்டு வரிக்கும் இரண்டு கோடு. "ஒரு நாள் அறுபது பேரெக் காணணம், டாக்டரே. இதொக்கெ எழுதியால் தீருமோ?" என்றார். இதையெல்லாம் எழுதினால் வேலை முடியுமா என்று, என்னவோ எனக்கு உபகாரம் செய்வதுபோல. புதுக் காகிதம் அச்சாகி வந்தது. இடது மடலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர்தான் அதில் இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

நாலு நாள் கழித்து இசக்கியம்மாள் கையில் ஒரு முழுத் தேங்காயோடு வந்தார். "கேன்சர் இல்லன்னு வந்துட்டு தாயி! பிள்ளையாருக்குப் பதினோரு தேங்கா ஒடச்சாச்சி. இது உங்களுக்கு" என்று வராந்தா முழுக்கக் கேட்கச் சொன்னார். நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "இடது பக்கம் சின்னதா ஒண்ணு இருக்கும்மா. ஆறு மாசத்துல மறக்காம வாங்க, பாக்கணும்" என்றேன். வாயால் சொன்னேன். காகிதத்தில் எழுதத் துப்பில்லாதவள் வாயால் சொன்னேன். அவர் இருந்த சந்தோஷத்தில் அது காதில் விழுந்ததா என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தத் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சட்னியும் அரைத்துத் தின்றேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பெயரைக் கூப்பிட்டு, உள்ளே வந்து படுத்த பிறகுதான் ஆளை அடையாளம் கண்டேன். சீட்டில், இடது குரல் நாண் அசையவில்லை, கழுத்தை ஸ்கேன் செய்யவும் என்று தொண்டை டாக்டர் எழுதியிருந்தார். கருவியை வைத்ததும் தெரிந்துவிட்டது. பதினொரு மில்லிமீட்டராக இருந்தது இருபத்தாறாகி, பின்கரையை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் மூன்று நெறிக்கட்டிகள்.

"ஆறு மாசத்துல வரச் சொன்னேனே, அம்மா" என்றேன். கேட்டேனே, அந்தக் கேள்வியை அவரைப் பார்த்துக் கேட்டேனே!

"வந்தேம்லா." காற்றும் குரலும் கலந்து வந்தது. "கவுண்டர்ல இருந்த பிள்ள பேப்பர வாங்கிப் படிச்சுட்டு, இதுல ஒண்ணுமில்லன்னுதான் எழுதிருக்கு, டாக்டர்ட்ட சீட்டு வாங்கிட்டு வாங்கன்னுட்டு. சர்ஜனும் அதயேதான் சொன்னாவ. பெறவு நான் என்ன செய்ய?"

கவுண்டரில் இருந்த பெண்மேல் என்ன தப்பு? காகிதத்தில் இருந்ததைப் படித்தாள். காகிதத்தில் இல்லாததை அவள் எப்படிப் படிப்பாள்?

பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சாரைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழும், ஒரு "அய்யோ" வரும் என்று காத்திருந்தேன். "வலது பக்கத்தெ கட்டி இப்பொழும் நார்மல் அல்லே?" என்று கேட்டார். பார்த்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. "அப்போள் நம்மடெ பழைய ரிப்போர்ட் கரெக்ட் ஆணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஆமா, சார்" என்றேன். என் வாய்தான் சொன்னது. பாளையம் சந்தையில் கெட்ட மீனைத் தலையில் கட்டினால் அந்த மீன்காரியைச் சும்மா விடாத நான், அங்கே நின்று ஆமா சார் என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. உயிருக்குப் பழுதில்லை. கட்டி நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்ததால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. அவருக்கு இனி மூச்சுக் காற்றுதான் பேச்சு, கூப்பிட்டு யாவாரம் பண்ணுகிற குரல் திரும்பாது என்று சர்ஜனின் குறிப்பில் படித்தேன்.

அதன் பிறகு நான் எதையும் விடவில்லை. சார் ஸ்கேல் வைத்து அடித்த வரியை, அச்சான காகிதத்தில் பேனாவால் மறுபடி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். நோயாளியிடம் படித்துக் காட்டினேன். சார் என்னோடு பேசுவதைக் குறைத்து, குட் மார்னிங்கோடு நிறுத்திக்கொண்டார். வேறு என்ன ஆனது என்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஒரு சர்ஜனும் கோபித்துக்கொண்டு சீட்டை வேறிடத்துக்கு அனுப்பவில்லை, இரண்டு பேர் போன் செய்து தாங்க்ஸ் சொன்னார்கள். அப்படியானால் இசக்கியம்மாள் விஷயத்தில் நான் எதற்குப் பயந்தேன்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அவரிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சொல்லவில்லை.

அஞ்சனா போன் செய்த மறுநாள் காலை, ஓய்வு பெறும்போது நகல் எடுத்து வைத்திருந்த இசக்கியம்மாளின் முதல் ஸ்கேன் படத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரமனையில் பஸ் ஏறினேன்.

பழவங்காடியில் அதே இடத்தில்தான் கடை போட்டிருந்தார். கழுத்துத் தழும்பு தெரியாமல் துண்டு சுற்றியிருந்தார். பக்கத்தில் பூ விற்கும் செல்வி என்ற பெண், தன் பூவுக்கும் இவர் தேங்காய்க்கும் சேர்த்துத் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து, ஒரு பெட்டியைத் தட்டி உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். நான் குடையைப் பிடித்தபடி நின்றேன்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"இருக்கேன் தாயி. கத்திக் கத்தி நானே கெடுத்துக்கிட்டேன்னு வீட்டுல அவுக ஏசுதாவ. நெசந்தான? நாம கொஞ்சம் அடங்கி இருந்திருக்கணும்" என்றார். அதைக் கேட்க நான் அவர் வாய்க்குப் பக்கத்தில் குனிய வேண்டியிருந்தது.

"இல்லம்மா. உங்க கத்தலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "இது நீங்க மொத மொதல்ல வந்த அன்னைக்கு எடுத்தது. இந்தக் கறுப்பு இருக்குல்ல, இதுதான். அன்னைக்கே இருந்துது."

அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே பாத்தியளா?"

"பாத்தேன்."

"எழுதலையா?"

"எழுதினேன். மேல உள்ளவர் வெட்டினார். வெட்டினதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"பயந்துட்டேம்மா. எதுக்குன்னு இன்னைக்கும் தெரியல."

இசக்கியம்மாள் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, முகம் சிவந்தது, காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்று, இருமி, குனிந்து, கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்தார். பிறகு எட்டி செல்வியின் கையைப் பிடித்து இழுத்து, அவள் காதில் வாயை வைத்தார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "எக்கா, டாக்டரம்மால்லா இது. நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். இசக்கியம்மாள் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"'பாத்துட்டும் வாய மூடிக்கிட்டுக் கெடந்த ஒனக்கு எதுக்குட்டீ கொரலு'ங்காவ!" என்று செல்வி கத்தினாள். சாலையில் போனவர்கள் திரும்பினார்கள். மறுபடி காது, மறுபடி கத்தல். "'எங்கொரல அறுத்து ஒன் சாருக்குப் படையல் வச்சியாட்டீ'ங்காவ! 'எம்புருசன் ஏசின ஏச்செல்லாம் நீ வாங்க வேண்டிய ஏச்சு'ங்காவ!"

ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் இறங்கி வந்து, "எந்தா சேச்சி, பிரஸ்னம் வல்லதும் உண்டோ?" என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லை, அவர் பேசட்டும் என்றேன்.

செல்விக்கு மூச்சு வாங்கியது. போதும் என்பதுபோல் இசக்கியம்மாளைப் பார்த்தாள். இசக்கியம்மாள் தலையை ஆட்டிவிட்டு, அவள் தோளைப் பிடித்து மறுபடி கீழே இழுத்தார். இன்னும் இருந்தது. நான் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.